பரளச்சிப் பிள்ளைக்குப் பட்டாணி போதாது

"அவன் ஜீன்லயே இல்லை சார், நாம என்ன செய்ய முடியும்?" கணக்கில் தேறாத பையனைப் பற்றி ஆசிரியர் இப்படிச் சொல்கிறார். பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டைப் பற்றித் தரகரும் சொல்கிறார், ஆள் எடுக்கும் இடத்தில் அதிகாரியும் சொல்கிறார். முன்பு ரத்தம், வம்சம் என்றவர்கள் இன்று ஜீன் என்கிறார்கள். பேச்சு பழைய பேச்சுதான். அறிவியலே நமக்குச் சாட்சி சொல்லிவிட்டது என்ற தைரியம் மட்டும் புதிது.

அந்தச் சாட்சியை மரபியல் சொல்லவில்லை. ஆனால் நம் கல்லூரிகளில் மரபியலின் முதல் பாடம் நடத்தப்படும் விதத்தைப் பார்த்தால், சொன்னது போலத்தான் பிள்ளைகளுக்குக் கேட்கும். "முதலில் எளிய விதியைச் சொல்லுவோம், சிக்கலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது பாடத்திட்டம் வகுப்பவர்களிடையே யாரும் கேள்வி கேட்காத கொள்கை. அந்தக் கொள்கை தவறு என்பதே என் வாதம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தப் 'பிறகு' வருவதே இல்லை.

பரளச்சி, அருப்புக்கோட்டைக்குத் தெற்கே திருச்சுழி வட்டத்துக் கரிசலில் இருக்கும் ஊர். பருத்தி, மக்காச்சோளம், மிளகாய் எல்லாம் மழையை நம்பி விளைகிற மானாவாரிப் பூமி. மழை ஏமாற்றினால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் வட்டாரம். இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு வந்து தாவரவியலும் விலங்கியலும் படிக்கும் பெண்களில் பலர், தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். "உங்க வகையறாவுக்குப் படிப்பு ஏறாது" என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் கையில் மரபியல் என்று ஒரு தாள் வந்து சேர்கிறது. அதை முடித்தபின் அந்தப் பழைய வசவை அவர்கள் நம்புவார்களா, மறுப்பார்களா? ஒரு பாடத்திட்டத்தை இந்தக் கேள்வியால் எடைபோட வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது? முதல் அலகு மெண்டல். நெட்டைச் செடி, குட்டைச் செடி, மூன்றுக்கு ஒன்று. பிறகு ஒன்பதுக்கு மூன்றுக்கு மூன்றுக்கு ஒன்று. கட்டம் போட்டுக் கணக்கு. செய்முறை ஏட்டில் 'மனிதரில் மெண்டலியப் பண்புகள்' என்று ஒரு பயிற்சி: நாக்கைச் சுருட்ட முடிகிறதா, காது மடல் ஒட்டியிருக்கிறதா என்று வகுப்பில் எண்ணி எழுத வேண்டும். நாக்கைச் சுருட்டுவது ஓங்கு பண்பு, முடியாதது ஒடுங்கு பண்பு என்று ஏடு முடிந்துவிடும்.

இந்த நாக்குக் கதை எழுபது வருடத்துக்கு முன்பே விழுந்துவிட்டது. நாக்குச் சுருட்டல் ஓங்கு பண்பு என்று 1940-ல் சொன்னவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டெவண்ட், முதன்முதலாக ஜீன்களுக்கு வரைபடம் போட்ட மேதை. 1952-ல் மாட்லாக் என்பவர் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களை ஆராய்ந்தார். 33 ஜோடிகளில் 7 ஜோடிகளில் ஒருவருக்கு நாக்கு சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை. ஒரே ஜீன்தொகுதி, இரண்டு விடை. ஸ்டர்டெவண்ட் தம் தவறை ஏற்றுக்கொண்டார். பழைய கூற்றைப் பிறர் இன்னும் பட்டியலிடுவது தமக்குக் கூச்சமாக இருப்பதாக 1965-ல் எழுதிய மரபியல் வரலாற்று நூலில் பதிவும் செய்தார். காது மடலின் கதியும் அதுதான். 2017-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, மடல் ஒட்டியிருப்பதோடு தொடர்புடைய 49 இடங்களை மரபணுத்தொகுதியில் கண்டது. சொன்னவரே கைவிட்டதை நாம் இன்னும் மதிப்பெண் போட்டுக் காப்பாற்றி வருகிறோம். நாக்கு எப்படிப் போனால் என்ன என்று கேட்கலாம். 'ஒரு ஜீன், ஒரு குணம்' என்ற அச்சு அந்தப் பயிற்சியில்தான் மனத்தில் பதிகிறது. நாக்குக்கு ஒரு ஜீன் என்றால் படிப்புக்கு ஒன்று, குடிக்கு ஒன்று, திருட்டுக்கு ஒன்று இருந்தாக வேண்டுமே என்று நினைக்கத் தனியாக யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மெண்டல்மீது எனக்குக் குறையே இல்லை. அவர் 34 பட்டாணி வகைகளை வாங்கி இரண்டு வருடம் விளைவித்துப் பார்த்து, அதில் 22 வகைகளை வைத்துக்கொண்டு, ஏழே ஏழு பண்புகளைத் தேர்ந்தார். நடுவே மங்கல் இல்லாமல் இரண்டாகப் பிரிந்து நிற்பவற்றை மட்டும் எடுத்தார். கூடக்குறைய என்று சொல்லத்தக்க பண்புகளை விலக்கியதை 1865-ல் வாசித்த கட்டுரையிலேயே சொல்லிவிட்டார். அந்த நேர்மையான முன்நிபந்தனை நம் பாடத்தில் இல்லை. விலக்கப்பட்டவை போக மிஞ்சியதை 'மரபின் விதி' என்று பெயரிட்டு உலகம் முழுவதற்கும் பொருத்துகிறோம். 1902-லேயே டபிள்யூ. எஃப். ஆர். வெல்டன் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் பட்டாணிகளை வரிசையாக அடுக்கிப் படம் போட்டுக் காட்டினார். கரும்பச்சையிலிருந்து மஞ்சள் வரை படிப்படியாக நிறம் மாறிக்கொண்டே போகிறது, எந்த இடத்தில் கோடு கிழிப்பீர்கள் என்று கேட்டார். 1906-ல் அவர் இறந்தார், கேள்வியும் அவரோடு புதைந்தது. நூறு வருடம் கழித்து இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரெகரி ராடிக்கும் அவர் குழுவினரும் ஒரு முதல்நிலைப் பாடத்தை வெல்டன் வழியில் அமைத்தார்கள். சூழலும் வளர்ச்சியும் முதலில், மெண்டலின் பட்டாணி பின்னால், அதுவும் சிறப்பு நேர்வாக. வழக்கமான வரிசையில் படித்த மாணவர்களிடம் 'எல்லாம் ஜீன்' என்ற நம்பிக்கை படிப்புக்கு முன் இருந்தபடியே இருந்தது. மாற்று வரிசையில் படித்தவர்களிடம் குறைந்தது. சிறிய சோதனைதான். ஆனாலும் 'வரிசையில் என்ன இருக்கிறது' என்று கேட்பவர்களுக்கு அது பதில்.

லீட்ஸில் இது கல்வியியல் கேள்வி. நம் வட்டாரத்தில் இதற்கு வேறொரு கனம் உண்டு. பிறப்பில் குற்றம் வருகிறது என்ற நம்பிக்கையை அரசாங்கமே சட்டமாக்கி மக்கள்மேல் ஏவிய மண் இது. 1871-ல் ஆங்கில அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது போலக் குற்றமும் போகிறது என்பதே அதன் அடித்தளம். இன்ன சாதியில் பிறந்த ஆண் என்பதற்காகவே ரேகை பதிய வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதிச்சீட்டு வேண்டும், ராத்திரியானால் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். ரேகைச் சட்டம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது போலீஸ் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பரளச்சிக்குக் கிழக்கே கமுதி, முதுகுளத்தூர்ச் சீமையில் ஆப்பநாட்டு மறவர்களும் அந்தப் பட்டியலில் ஏற்றப்பட்டார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணம் அதை ஒழித்தது. ஒழித்த மறுநாள் அந்த மக்களின் ஜீன் மாறவில்லை. மாறியது சட்டம். அவர்கள் பிள்ளைகள் ஆசிரியர்களும் மருத்துவர்களும் காவல்துறை அதிகாரிகளும் ஆனார்கள். 'பரம்பரைக் குற்றவாளி' என்ற கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது. நம் மரபியல் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்திகூட இல்லை.

அப்படி அவமதிக்கப்பட்டவர்களின் பேரன்மார் சிலர் இன்று காலனியிலிருந்து வரும் பிள்ளையைப் பார்த்து அதே பேச்சைப் பேசுகிறார்கள். "அதுகளுக்கு எங்க வரும்" என்கிறார்கள். பிறப்பால் வரும் இழிவு என்பது தன்மேல் விழும்போது பொய், அடுத்தவன்மேல் விழும்போது உண்மை என்றால் அதை என்ன பெயரிட்டு அழைப்பது? இந்தப் பேச்சை நூற்றாண்டுகளாகச் சுமந்தவர்கள் தலித் மக்கள்தான். அவர்கள்மேல் ஏவ எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை, ஊரே போதுமானதாக இருந்தது.

பெருமையும் இதே தவறிலிருந்துதான் பிறக்கிறது. இருபது வருடங்களுக்கும் மேலாக முன்பு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இராமசாமி பிச்சப்பன் சேகரித்த மாதிரிகளில், மதுரைக்கு மேற்கே ஜோதிமாணிக்கம் என்ற ஊர்க்காரர் ஒருவரிடம் எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளம் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து ஆஸ்திரேலியா வரை போன ஆதி மனிதக் கூட்டத்தின் தடயம் அது என்று மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் நூலும் படமும் செய்தார். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் இங்கே அது 'எங்கள் சாதிதான் இந்தியாவின் முதல் மனிதன்' என்று சுவரொட்டிப் பெருமையாகிவிட்டது. ஒய் குரோமோசோம் தகப்பன், அவன் தகப்பன், அவன் தகப்பன் என்று ஒரே கோட்டைத்தான் காட்டும். இருபது தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னோர் இடங்கள் வரும். அதில் ஒரே ஓர் இடத்தைப் பற்றி மட்டுமே இந்த அடையாளம் பேசுகிறது. தாயைப் பற்றியே அதற்கு ஒரு வார்த்தை தெரியாது. எம்130 வகையறா மங்கோலியாவிலும் உண்டு, ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் உண்டு. மரபியலின் முதல் பாடத்தை ஒழுங்காகப் படித்த எந்தப் பிள்ளையும் அந்தச் சுவரொட்டியைத் தாண்டிப் போய்விடும்.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். "இரட்டையர் ஆய்வுகள் உயரத்துக்கு எண்பது சதவீதம் மரபுவழிமை என்கின்றனவே, இது அறிவியல் இல்லையா?" அறிவியல்தான். ஆனால் அந்த எண்பது என்ன சொல்கிறது? ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில், அது வாழும் சூழலில், ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் எத்தனை பங்கு ஜீன் வித்தியாசத்தோடு சேர்ந்து போகிறது என்பதை மட்டும் சொல்கிறது. என் உயரத்தில் எண்பது பங்கு ஜீன், இருபது பங்கு சோறு என்று அதற்குப் பொருள் கிடையாது. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைப் பற்றி அந்த எண் வாயே திறக்காது. தென்கொரியப் பெண்கள் நூறு வருடத்தில் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தார்கள். இவ்வளவு மரபுவழிமை உள்ள ஒரு பண்பு, ஜீன்கள் மாற நேரமே இல்லாத காலத்தில், உணவாலும் நோய் குறைந்ததாலும் இப்படி எழுந்து நின்றது.

மரபியலாளர் ரிச்சர்ட் லெவண்டின் இதை 1970-ல் விதையை வைத்து விளக்கினார். அந்த விளக்கத்தைக் கரிசலுக்குக் கொண்டுவருவது சுலபம். ஒரே சாக்கிலிருந்து கலப்பான சோள விதையை இரண்டு கை அள்ளுங்கள். ஒரு கையை எருப் போட்ட கிணற்றடித் தோட்டத்தில் போடுங்கள், மறு கையை உவர் ஏறிய கண்மாய்க் கோடியில் போடுங்கள். தோட்டத்துக்குள் செடிக்குச் செடி இருக்கும் வித்தியாசம் விதையால் வந்தது, ஏனென்றால் அங்கே மண்ணும் தண்ணீரும் ஒன்று. உவர் நிலத்துக்குள்ளும் அப்படித்தான். ஆனால் தோட்டத்துக்கும் உவருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் முழுக்க முழுக்க மண்ணால் வந்தது. உவரில் முளைத்த செடியைப் பார்த்து "வித்து சரியில்லை" என்பவனைப் பரளச்சி சம்சாரி ஒருவரும் மதிக்க மாட்டார். பிள்ளை விஷயத்தில் மட்டும் நாம் அவனை மதிக்கிறோம்.

விதை விஷயம் இதோடு நிற்கவில்லை. கரிசல் மானாவாரிக்குக் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி. இறவைத் தோட்டத்துக்குக் கம்போடியாப் பருத்தி, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்தது. இரண்டில் எது உயர்ந்த விதை? தண்ணீர் பாய்ச்சினால் கம்போடியா, வானத்தை நம்பினால் கருங்கண்ணி. நிலத்தைச் சொல்லாமல் கேள்விக்குப் பதிலே இல்லை. 1940-களில் அமெரிக்காவில் கிளாசன், கெக், ஹைசி என்ற மூவர் பல செடிகளில் ஒவ்வொன்றையும் துண்டாக்கிக் கடல்மட்டத்துக்கு அருகில் ஒன்று, மலைநடுவில் ஒன்று, மலையுச்சியில் ஒன்று என நட்டார்கள். கீழே நெட்டையாக வளர்ந்த செடியின் துண்டு நடு மலையில் நெட்டையாக வரவில்லை. வரிசையே மாறிப்போனது. கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் உட்பட எந்தப் பயிர்ப்பெருக்க நிலையமும் புது ரகத்தை ஒரு வயலில் ஒரு தரம் போட்டுப் பார்த்து வெளியிடாது. பல இடம், பல பருவம், பக்கத்திலேயே ஒப்பீட்டு ரகம் என்று பாத்தி பாத்தியாகச் சோதித்த பிறகுதான் வாய் திறக்கும். பருத்திக்கு இவ்வளவு பொறுமை காட்டும் அறிவியலின் பெயரால், ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியாரிடம் படித்த பையனுக்கு "ஜீன்ல இல்லை" என்று தீர்ப்பு எழுதுகிறோம்.

குடும்பத்தில் தொடர்ந்து வருவதெல்லாம் மரபு என்ற எண்ணத்துக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாட்டிக்கும் மகளுக்கும் பேத்திக்கும் பல்லில் ஒரே பழுப்புக் கறை இருந்த வீடுகள் உண்டு. வம்சாவளிப் படம் வரைந்தால் ஓங்கு பண்பு போலவே தெரியும். காரணம் நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் அங்கே காவிரி நீரைக் கொண்டுவந்தது அந்தக் காரணத்தை ஒட்டித்தான். ஒரு குடும்பம் ஜீனை மட்டும் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. கிணற்றைக் கொடுக்கிறது, கடனைக் கொடுக்கிறது, புத்தகம் இல்லாத வீட்டைக் கொடுக்கிறது.

பரளச்சி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிதி ஆயோக் 2018-ல் வளர்ச்சிக்குக் காத்திருக்கும் மாவட்டங்கள் என்று தேர்ந்தவற்றில் இதுவும் ஒன்று. அதே மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. 2023-லும் 97.85 சதவீதத்தோடு முதலிடம். 1951-ல் தமிழகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுத்து தெரியும், 2011-ல் ஐந்தில் நான்கு பேருக்குத் தெரியும். இடையில் போனது இரண்டு மூன்று தலைமுறை. மதியச் சோறும் ஊருக்கொரு பள்ளியும் வந்தன. படிப்பு ஏறாத வம்சங்கள் அதற்குள் எங்கே போயின?

அப்படியானால் ஜீனுக்கு வேலையே இல்லையா? உண்டு, அதுவும் நம் வீட்டுக்குள்ளேயே. அக்காள் மகளை மாமன் கட்டும்போது, பொது முன்னோரிடமிருந்து வந்த ஒரே நகல் பிள்ளைக்கு இரு பக்கமும் சேர்ந்து கிடைக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டினால் பதினாறில் ஒன்று. அந்த நகலில் தலசீமியா போன்ற ஒடுங்கு நோய் ஒளிந்திருந்தால் அது வெளிப்பட இது வழி செய்கிறது. மெண்டலின் கணக்கு துல்லியமாகப் பொருந்தும் இடம் இது. கல்யாணம் பேசும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை ஒரு பிள்ளையின் வாழ்நாள் வேதனையைத் தவிர்க்கும். 'எல்லாம் ஜீன்' என்று பேசும் அதே வாய்கள் இங்கே மட்டும் "தாத்தா காலத்திலிருந்து சொந்தத்தில்தானே கட்டுறோம், என்ன ஆச்சு" என்கின்றன. ஜீன் பேச வேண்டிய இடத்தில் அதைக் கேட்க மறுத்து, பேசாத இடத்தில் அதன் பெயரில் சத்தியம் செய்யும் இந்தத் தலைகீழ் நிலைக்கு நம் முதல் பாடமும் பொறுப்பு.

"இதையெல்லாம் சொன்னால் முதலாண்டுப் பிள்ளை குழம்பிப்போகும்" என்று ஆசிரிய நண்பர்கள் சொல்வார்கள். பட்டாணியைக் குழம்புக்குக்கூட அதிகம் வாங்காத வீட்டுப் பெண்ணுக்கு, பட்டாணியில் தொடங்குவதுதான் எளிமை என்று யார் முடிவு செய்தது? அவளுக்கு மிளகாய் தெரியும். ஒரே நாற்று மேட்டிலும் பள்ளத்திலும் எப்படி வேறு வேறாகக் காய்க்கும் என்பது கையால் தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள். ஒரே விதையை இரண்டு மண்ணில் தொட்டியில் போடச் சொல்லி, உயரத்தையும் காயையும் அளந்து ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். நாக்குச் சுருட்டல் பயிற்சியைக் கிழித்தெறிந்தால் அதற்கு இடமும் நேரமும் கிடைத்துவிடும். நாலாவது வாரம் மெண்டல் வரட்டும், எதையெல்லாம் விலக்கிவிட்டு அந்த ஏழு பண்புகளை எடுத்தார் என்ற கதையோடு வரட்டும். தலசீமியா அப்போது வரட்டும். ரேகைச் சட்டம் ஒரு வகுப்பு முழுக்க வரட்டும்.

தேர்வில் கேள்வி கேட்பது கடினம் என்பது கடைசித் தடை. கடினம் இல்லை. 'ஒரே விதை இரண்டு நிலத்தில் வேறு வேறு விளைச்சல் தந்தது. விதையைக் குறை சொல்லுமுன் உனக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?' என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். திருத்துபவர் அந்த விடைகளைப் படிக்கும்போது, தம் வகுப்பில் யாரைப் பார்த்து "உனக்கு வராது" என்று சொன்னோம் என்பதையும் அதே கேள்வியால் சோதித்துக்கொள்ளட்டும்.